அக்கா வாங்கிய சத்தியம்

அம்மா பிடித்த பிடியை விடவில்லை. நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றியே ஆக வேண்டும், தள்ளிப் போட்டால் ஆளைத் தூக்கிவிடும் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அம்மா கட்டிலில் சாய்ந்துகொண்டு, ஆபரேஷன் என்னவோ பக்கத்துப் படுக்கைக்காரிக்கு என்பது போல எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்துத் தன் நிபந்தனையைச் சொன்னாள்.

"என் ரெண்டு புள்ளைங்களும் ஒண்ணா வந்து இந்தக் கட்டில் பக்கத்துல நிக்கட்டும். அப்புறம் எங்க வேணும்னாலும் அறுத்துக்கங்க. இல்லேன்னா என்னை இப்படியே விட்டுடுங்க."

கட்டிலின் அந்தப் பக்கம் அவள் பெற்ற மூத்த பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளை அம்மா கணக்கில் சேர்க்கவில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. எப்போதும் பக்கத்திலேயே நிற்கிறவளை யார் வா என்று கூப்பிடுவார்கள்?

அவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தம்பிகளுக்கு அக்கா சரி, பெரிய தம்பியின் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கும், தெருமுனை மருந்துக் கடைக்காரருக்கும்கூட அக்காதான். கல்யாணம் என்று ஒன்று வராமலே போய்விட்டது. அதற்காக மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ரகமும் இல்லை. கல்லூரியில் பிரெஞ்சு டீச்சர். பிரெஞ்சு பேசக் கற்றுக்கொடுக்கிறவர்கள் வேறு ஆட்கள். அந்த மொழி எப்படிப் பிறந்தது, எப்படி வளர்ந்தது என்பது இவள் பாடம். "அது பொறந்தா நமக்கென்ன, வளர்ந்தா நமக்கென்ன" என்று பெரிய தம்பி கிண்டல் செய்வான். அம்மாவும் அக்காவும் ஒரே வீட்டில், ஒரே அறையில் தூங்கினார்கள். அம்மா இருமினால் அக்கா எழுந்துவிடுவாள். அம்மா போய்விட்டால் தான் என்ன ஆவோம் என்பதை அவள் யோசித்ததே இல்லை, யோசிக்கத் தைரியம் இல்லை.

தம்பிகள் இருவரும் முகம் பார்த்துப் பேசிப் பல வருஷம் ஆகிவிட்டது. அப்பா செத்த அன்று சின்னவன் வெளியூரில் இருந்தான். போன் எடுக்கவில்லை. பெரியவன் காத்திருந்து பார்த்துவிட்டு, எவ்வளவு நேரம்தான் போட்டு வைப்பது என்று எடுத்துவிட்டான். சின்னவன் வந்தபோது அப்பாவும் இல்லை, அடுப்பும் எரியவில்லை, கூட்டமும் கலைந்துவிட்டது. "எங்கப்பா மூஞ்சைக்கூட எனக்குக் காட்டலை" என்று அவன் தெருவில் நின்று கத்தினான். பெரியவன் பதிலுக்குக் கத்தினான். பெரியவன் வாய் நல்ல வாய் இல்லை. இவர்கள் பிழைக்க வந்த ஊரில் தமிழர்கள் நிறைய, ஆனால் ஊர்ப்பாஷை வேறு. சின்னவன் கட்டியிருப்பது இந்த ஊர்ப் பெண்ணை. வீட்டில் ஊர்ப்பாஷைதான், பிள்ளைகளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை வராது. "பொண்டாட்டி வந்ததும் பாஷையை வித்தான், இப்ப அப்பனைத் தேடறான்" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டான். சொன்ன சொல்லை அள்ள முடியுமா?

அக்கா முதலில் பட்டறைக்குப் போனாள். வெட்டு எண்ணெய் வாடையும் இரும்புச் சுருளும் நடுவே பெரியவன் இரும்புத் தண்டு ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தான். அம்மா சொன்னதைக் கேட்டதும் மெஷினை நிறுத்தினான், கண் கலங்கினான், எல்லாம் சரி. ஆனால் சின்னவன் முதலில் வரட்டும் என்றான். நான் போய் நின்று, அவன் பெண்டாட்டி எதிரில் அவன் என்னை வெளியே போ என்றால் என் மானம் என்ன ஆவது என்று கேட்டான். அக்கா அங்கிருந்து சின்னவனின் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு ஓடினாள். அவன் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டான், துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தான். அவனும் அதையேதான் சொன்னான்: அண்ணன் முதலில் வரட்டும். அவன் வாய்க்கு யார் ஜவாப்தாரி? இவர்களை எல்லாம் ஒரே வயிற்றில் சுமந்தவள் அங்கே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள், இவர்களுக்கு யார் முதல் என்பதுதான் பெரிதாகப் போயிற்று!

அக்கா பட்டறைக்கும் கடைக்குமாக நாயாக அலைந்தாள். திட்டிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், ஒருமுறை பட்டறையில் எல்லார் எதிரிலும் பெரியவன் காலைத் தொடப்போனாள். அவன் துள்ளிப் பின்னால் போனானே தவிர மசியவில்லை. அம்மாவின் கால் வீங்கிக்கொண்டே வந்தது. தலையணை இரண்டு வைத்தாலும் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே கிடந்தாள். "வந்தாங்களா?" என்பது ஒன்றுதான் அவள் கேட்கிற கேள்வி.

இந்த லட்சணத்தில் கல்லூரிக்கு வேறு போக வேண்டியிருந்தது. அன்றைய பாடம், பிரெஞ்சு முதன்முதலில் எழுத்தில் தலைகாட்டிய கதை. மற்ற வருஷங்களில் அக்கா இதைக் குஷியாக நடத்துவாள். ரோமாபுரிச் சிப்பாய்கள் கொண்டுவந்த லத்தீனைச் சந்தையிலும் வயலிலும் இருந்த சனங்கள் வாயில் போட்டு மென்றே கரைத்ததைச் சொல்வாள். தலையைத் தலை என்று சொல்லாமல் பேச்சுவாக்கில் சட்டி என்று கிண்டலாகச் சொல்லப்போய், அந்தச் சட்டியே இன்றைக்குப் பிரெஞ்சில் தலைக்குப் பெயராகிவிட்டது என்பாள். "நாம மண்டைன்னு சொல்றோமே, அதுவும் பழைய தமிழ்ல பிச்சை வாங்கற பாத்திரம்தான்" என்றதும், தூங்குகிற பிள்ளைகள்கூடத் தலையைத் தடவிப் பார்த்துக்கொள்ளும். பாதிரிமார் லத்தீனில் பிரசங்கம் செய்ய, கேட்கிறவனுக்கு ஒரு மண்ணும் விளங்காமல், கடைசியில் சனங்களின் பேச்சிலேயே சொல்லித் தொலையுங்கள் என்று பெரிய பாதிரிமார் கூடி முடிவுசெய்தது வரை வந்து, அப்புறம்தான் அந்தச் சத்தியத்துக்கு வருவாள்.

ஒரு பெரிய சக்கரவர்த்தி. அவருக்குப் பேரன்மார் மூன்று பேர், ராஜ்யத்துக்காக அடித்துக்கொண்டார்கள். அதில் இரண்டு பேர் ஒன்று சேர்ந்தார்கள். ஒருவன் படைக்கு ஜெர்மன் பேச்சு, மற்றவன் படைக்கு லத்தீன் உடைந்து பிறந்த புதுப் பேச்சு. இரண்டு படையையும் எதிரெதிரே நிறுத்தி, ஜெர்மன்காரன் மற்றவன் படையின் பேச்சில் சத்தியம் செய்தான், மற்றவன் ஜெர்மனில் செய்தான். அத்தை மகன் ஒருவன் கூடவே இருந்து அதை வார்த்தை பிசகாமல் எழுதி வைத்தான். பிரெஞ்சு என்று சொல்லக்கூடிய மொழியில் இன்று நம் கையில் இருக்கிற முதல் எழுத்து அதுதான்.

"ஏன் மிஸ் மாத்தி மாத்திச் சொல்லணும்? அவங்கவங்க பாஷையிலேயே சொல்லலாமே" என்று ஒரு பெண் கேட்டாள்.

அக்கா வழக்கமான பதிலைச் சொல்ல வாயெடுத்தாள், பாதியில் நின்றுவிட்டாள். ஏனென்றால் தம்பியை யாரும் நம்பவில்லை, அண்ணனையும் யாரும் நம்பவில்லை. மற்றவனின் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டால், அப்புறம் பேச்சு மாற முடியாது. அது மட்டுமா? படைகளும் தனியே சத்தியம் செய்தன: எங்கள் ராஜா வார்த்தை தவறினால், எங்களால் அவரைத் தடுக்க முடியாமல் போனால், நாங்கள் அவருக்குத் துணை நிற்க மாட்டோம். இதை அவள் எத்தனை வருஷமாகப் பாடம் நடத்துகிறாள்! ஒவ்வொரு சொல்லும் எந்த லத்தீனிலிருந்து எப்படித் தேய்ந்தது என்று கரும்பலகை நிறைய எழுதியிருக்கிறாள். அது இரண்டு கோபக்கார உடன்பிறப்புகளை ஓர் இடத்தில் நிறுத்திய உபாயம் என்பது இப்போதுதான் மண்டையில் ஏறியது.

வகுப்பு முடிகிற நேரத்தில் வேறொருத்தி, மூன்றாவது ஆள் என்ன ஆனார் என்று கேட்டாள். அது வரலாற்றுத் துறைக்காரர்கள் பாடு என்று சொல்லிவிட்டு அக்கா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வேலை மளமளவென்று நடந்தது. சத்தியத்தை அவளே தமிழிலும் ஊர்ப்பாஷையிலும் ஆக்கினாள். கடவுள் எனக்குத் தருகிற அறிவும் பலமும் உள்ளமட்டும், இன்று முதல் இந்த என் சகோதரனுக்கு எல்லாக் காரியத்திலும் துணை நிற்பேன், முறைப்படி ஒருவன் தன் சகோதரனுக்கு எப்படி நிற்க வேண்டுமோ அப்படி. அவனும் எனக்கு அப்படியே செய்ய வேண்டும். அசலில் இதற்குப் பிறகு ஒரு வரி உண்டு. மூன்றாமவனோடு, என் சகோதரனுக்குக் கேடு வரும்படி எந்த ஒப்பந்தமும் என் மனதறிந்து செய்ய மாட்டேன் என்கிற வரி. நம் வீட்டில் சண்டைக்கு மூன்றாமவன் யார் இருக்கிறான் என்று அக்கா அதை வெட்டிவிட்டாள்.

இப்படி ஒரு ஏற்பாடு என்றதும் இரண்டு பேருக்குமே அதில் ஏதோ பிடித்துப்போனது. யாரும் முதலில் வர வேண்டியதில்லை, யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ராஜாக்கள் செய்தது என்றதும் பெரியவனுக்குக் கொஞ்சம் மிதப்பும் வந்துவிட்டது. மெஷின் ஓடுகிற சத்தத்தில் அவன் ஊர்ப்பாஷையை உருப்போட்டான். அவன் நாக்கில் அது படாத பாடு பட்டது. பட்டறை ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், அவன் ஸ்பேனரை ஓங்கினான், மறுபடி உருப்போட்டான். சின்னவன் கடையில் அக்காவிடம், "தமிழ்ல எல்லாம் எனக்கு இப்ப வருமாக்கா?" என்று கேட்டபோது அவன் குரலே சரியில்லை.

ஆஸ்பத்திரியில், அம்மா இருந்த அறையில், கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு குடும்பமும் நின்றது. பெரியவன் சின்னவனின் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்து, வியர்த்து வழிய ஊர்ப்பாஷையில் சொன்னான். பாதி தப்பு. ஆனால் புரிந்தது. அந்தப் பெண் அவனைக் கண் கொட்டாமல் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளிடம் அவள் பாஷையில் அவன் பேசிய முதல் பேச்சு அது. சின்னவன் தமிழில் ஆரம்பித்தான். "இந்த என் அண்ணனுக்கு" என்கிற இடத்தில் உடைந்துவிட்டான். அப்புறம் பெண்டாட்டிகள் இருவரும் தங்கள் பங்குக்குச் சொன்னார்கள்: என் புருஷன் வார்த்தை தவறினால், என்னால் தடுக்க முடியாமல் போனால், நான் அவர் பக்கம் நிற்க மாட்டேன். பெரியவனின் பெண்டாட்டி அதைத் தலையில் அடித்துச் சொல்வது போல அழுத்திச் சொன்னாள். அம்மா இரண்டு மகன்களின் கையையும் பிடித்துக்கொண்டு, "போதும்டா சாமி, இப்ப என்னைக் கொண்டுபோங்க" என்றாள்.

ஆபரேஷன் நடந்த அத்தனை நேரமும் அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். விட்டுப்போன வருஷத்தை எல்லாம் பேசித் தீர்த்தார்கள். ஒரு டீயை இரண்டாக ஆற்றிக் குடித்தார்கள். அக்கா எதிர்ப் பெஞ்சிலிருந்து பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனாள். கண்ணை மூடினால் எங்கே கலைந்துவிடுமோ என்று இமைக்கக்கூட மனம் வரவில்லை. அம்மா பிழைத்தாள்.

அக்கா வீட்டுக்குப் போய் அறையைத் தயார் செய்தாள். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தாள். வழுக்கும் என்று பழைய மிதியடியைத் தூக்கி எறிந்து புதிது வாங்கினாள். கல்லூரியில் நீண்ட லீவு சொன்னாள். அம்மாவை அனுப்புகிற நாளில் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது, சின்னவனின் கார் கதவு திறந்திருந்தது. அம்மா உள்ளே உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் மாற்றுத் துணிப் பை.

அம்மா முதலில் தன் வீட்டில் இருக்கட்டும் என்று சின்னவன் கேட்டானாம். அங்கே லிஃப்ட் இருக்கிறது, ஆஸ்பத்திரியும் பக்கம். அப்பாவைத்தான் கடைசியில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, அம்மாவாவது என்னிடம் இருக்கட்டும் என்றானாம். பெரியவன் உடனே சரி என்றுவிட்டான். அப்புறம் பெரியவன் வீடு, அப்புறம் மறுபடி சின்னவன் வீடு, இப்படி மாற்றி மாற்றி. அந்த ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே பேசி முடித்தார்களாம். அக்கா எதிரில்தானே இருந்தாள்? இருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. உனக்கு இனிமேலாவது ஓய்வு வேண்டாமா அக்கா என்று பெரியவன் அன்பாகத்தான் சொன்னான்.

 அக்கா பெரியவனைத் தூணோரம் இழுத்துப் போய்க் கெஞ்சினாள். நான் அவளோடு ஒரே அறையில் தூங்குகிறவள், எனக்கு வேறு என்னடா இருக்கிறது, தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லு, வேண்டாம் என்று சொல்லு என்றாள். பெரியவன் முகம் இளகியது. சொல்லியே இருப்பான். அதற்குள் அவன் பெண்டாட்டி குறுக்கே வந்தாள். கோபமாக அல்ல, பயந்துபோய் வந்தாள்.

"அக்கா, நீங்கதானே எங்கிட்ட சத்தியம் வாங்கினீங்க? இவர் வார்த்தை மாறினா நான் இவர்கூட நிக்கக் கூடாதுன்னு. இப்ப நீங்களே மாறச் சொல்றீங்களே!"

 தான் வெட்டி எறிந்த வரி அக்காவுக்கு அப்போதுதான் ஒரு சொல் விடாமல் ஞாபகம் வந்தது. அந்த ராஜாக்கள் கதையில் மூன்றாமவன் தம்பி அல்ல, மூத்தவன். அந்தச் சத்தியமே அவனுக்கு எதிராகத்தான். அடுத்த வருஷம் மூவரும் ராஜ்யத்தைப் பங்கு போட்டபோது அவனுக்கு நடுவிலே ஒரு நீளத் துண்டு கிடைத்தது. அவனும் அவன் பிள்ளைகளும் போன பிறகு, இரண்டு பக்கத்துக்காரர்களும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டார்கள். எல்லாம் தெரிந்தவள்தான். மொழிக்கு அது வேண்டாம் என்று வருஷா வருஷம் தாண்டிப் போனவள். படித்த படிப்பில் தீயை வைக்க என்று மனதுக்குள் தன்னையே திட்டினாள். கார் புறப்பட்டது. அம்மா கையசைத்தாள்.

அதற்குப் பிறகு அக்கா கேட்டதெல்லாம் ஒரு மாசம்தான். சின்னவன் முறை முடிந்து பெரியவன் முறை தொடங்குவதற்கு நடுவில் ஒரே ஒரு மாசம் அம்மாவை என்னிடம் விடுங்கள். நீளத் துண்டுகூட வேண்டாம், ஒரு கீற்று போதும். பட்டறைக்குப் போனால், எனக்கு ஆட்சேபனையே இல்லை அக்கா, தம்பியை ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்றான் பெரியவன். கடைக்குப் போனால், எனக்கென்ன அக்கா, அண்ணனைக் கேட்காமல் நான் எப்படி என்றான் சின்னவன். முன்பு சண்டையில் அலைந்த அதே வழியில், இப்போது ஒற்றுமையில் அலைந்தாள். வீட்டுக்கு வந்தால் ஜன்னலோரக் கட்டில் வெறுமனே கிடந்தது. தூக்கத்தில் யாரோ இருமுவது போலிருக்கும், எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் சின்னவன் வீட்டுக்கே போய், நேராக அம்மாவிடம் போனாள். அம்மா நன்றாகத் தேறியிருந்தாள். கன்னம் உப்பியிருந்தது. பேத்தியோடு உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், ஊர்ப்பாஷையில். வயசான காலத்தில் எங்கே கற்றாளோ. நாலு தமிழ்ச் சொல், நாலு ஊர்ச் சொல், மிச்சத்துக்குக் கை. குழந்தை அதற்குச் சளசளவென்று பதில் சொன்னது. இருவருக்கும் எல்லாமே புரிந்தது. அக்காவைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. உள்ளே பார்த்து, விருந்தாளி வந்திருக்கிறார்கள், டீ வேண்டும் என்று அந்தப் பாஷையிலேயே மருமகளுக்குக் குரல் கொடுத்தாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவளுக்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான்.

அக்கா அவள் காலடியில் உட்கார்ந்தாள். "நீ சொன்னா ரெண்டு பேரும் கேப்பாங்கம்மா. அவகூட ஒரு மாசம் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. ஒரே ஒரு மாசம்."

அம்மா அவள் தலையைத் தடவினாள். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு மட்டும் ஆசையில்லையாடி? ஆனா இதுங்க ரெண்டும் இப்பத்தான் சேந்து நிக்குது. நான் வாயைத் தொறந்தா, நீ சொன்னே நான் சொன்னேன்னு மறுபடி ஆரம்பிச்சுடும். நீ பெரியவ. கலைச்சு விட்டுடாதேடி."

அக்கா அம்மாவின் சேலைத் தலைப்பை மடித்து அவள் மடியில் வைத்தாள். அப்புறம், "இல்லம்மா, கலைக்கலே" என்றாள்.

மருமகள் டீ கொண்டுவந்தாள், நல்ல கோப்பையில், தட்டு வைத்து. அக்கா குடித்தாள். சின்னவன் வாசல் வரை வந்து, லிஃப்டுக்கு விசையை அழுத்தப் போனான். அவள் வேண்டாமென்று படியில் இறங்கினாள். அவன் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்கிற வரை அழுகையை அடக்கினாள், அதற்கு மேல் முடியவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேலே ஏறி வந்த ஒரு பெண் நின்று, என்ன ஆயிற்று, உடம்புக்கு ஏதாவதா என்று ஊர்ப்பாஷையில் கேட்டாள்.

"எங்கம்மா" என்றாள் அக்கா தமிழில். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டாள். அக்கா மறுபடியும் அதையேதான் சொன்னாள்.